எல்லைக் கோட்டை நறுக்கிய அக்கா

நடந்தது இந்த வரிசையில்தான் நடந்தது.

1. விசைப்படகுகள் கடல் எல்லையை நெருங்கினால் படகிலேயே மணி அடித்து எச்சரிக்கும் ஓர் ஏற்பாட்டை ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் அலுவலகம் நடத்தியது. மணி எப்போதும் தாமதமாகவே அடித்தது.

2. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்து அக்கா அதைச் சரிசெய்தார். எங்கள் முன்னாலேயே சோதித்துக் காட்டினார். கணினியிலிருந்து பதில் உடனே வந்தது.

3. வயர்லெஸ்ஸில் படகுகளைக் கூப்பிட்டு எச்சரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

4. சனிக்கிழமை படகுகள் கடலுக்குப் போயின.

5. அன்று சாயங்காலம் ஒரு படகில் மணி அடித்தது. அடித்தபோது அந்தப் படகு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

6. படகையும் அதில் இருந்தவர்களையும் அந்தப் பக்கத்துக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். படகை ஓட்டியவன் அந்த அக்காவின் தம்பி.

எதையும் இப்படி எண் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். அக்கா பார்த்தால் சிரிப்பார். "நீ ஒண்ணு ரெண்டு போட்டு முடிக்கிறதுக்குள்ள நா வேலையவே முடிச்சிருவேன்டீ" என்பார். பெரும்பாலும் முடித்தும் விடுவார்.

அலுவலகம் என்பது ஐஸ் கம்பெனியின் மாடியில் ஒரே ஓர் அறை. கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடும்போது மேசைமேல் டீ கிளாஸ் தானாக நகரும். அந்தக் கம்பெனி முதலாளியும் இன்னும் சில படகுக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு. மூன்று பேர் வேலை பார்த்தோம். படகுகளின் விவரமெல்லாம் சேரும் தரவுத்தளம் முழுக்க அவர் பொறுப்பு. வரைபடமும் திரையும் என் வேலை. வயர்லெஸ்ஸுக்கு ஓர் அண்ணன். நான் ஆவூர்க்காரி. வயலையும் மாதா கோயிலையும் பார்த்து வளர்ந்தவள். அறந்தாங்கியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். அவர் உள்ளூர். சென்னையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க எல்லாத்துக்கும் மீட்டிங்டீ. நாளைக்குச் செய்யப்போறத இன்னைக்கி ஒக்காந்து பேசுறாங்க. பேசுன நேரத்துல செஞ்சிரலாம்ல?"

காத்திருப்பது அவருக்கு ஆகாது. இதைக் குணம் என்று சொல்வதா உடம்பின் வாகு என்று சொல்வதா தெரியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டு மந்தை கடந்தால் எல்லோரும் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். அவர் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கிப் போய் ஆடுகளைத் தள்ளுவார். ஆட்டுக்காரர் திட்டினால், "ஒங்க வேலையத்தாங்க நா செய்றேன்" என்பார். நாம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் அவரே முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக முடிப்பார். டீ வாங்கினால் பாதிதான் குடிப்பார். மீதி ஆறும். "ஆறுற வரைக்கும் யாரு ஒக்காந்திருக்கிறது?" கணினித் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தால் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொள்வார். மறைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். "சுத்துறதப் பாத்தா எனக்கு வாந்தி வருதுடீ."

ஒரு தடவை எங்கள் ஊர்ப் பாஸ்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். விடிய விடிய நடக்கும் பாடுகளின் நாடகம். ஊரே பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. சிலுவையைத் தூக்குவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "முடிவு தெரிஞ்ச கதைதானே, நா போயி வீட்ல படுக்குறேன்" என்றார். என் அம்மாவுக்கு மனது ஆறவில்லை. "ஆண்டவரே மூணு நாள் கல்லறையில காத்துக் கெடந்தாரு. இந்தப் புள்ளைக்கு ஒரு ராத்திரி ஆகலையா?" என்று மறுநாள் பூரா சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய அம்மா இதற்கு நேர் எதிர். மீன் வாங்கிக் காயவைத்து விற்பவர். கருவாட்டைப் பரப்பிவிட்டு, காகம் விரட்ட ஒரு குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். மகளைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கும்.

"எட்டு மாசத்துலயே வந்து விழுந்தவ இவ. வயித்துக்குள்ளயே இருக்கப் பொறுக்கல. பொண்ணு பாக்க வந்தாக. நல்ல எடம், சிங்கப்பூரு மாப்புள்ள. யோசிச்சு நாலு நாள்ல சொல்றோம்னாக. 'நாலு நாளா? அப்ப வேணாம்'னு இவளே சொல்லிட்டா. அவுக இன்னும் காபிகூடக் குடிச்சு முடிக்கல."

"முடிவெடுக்க நாலு நாள் ஆகுறவரு, கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு சட்ட எடுக்க எத்தன நாள் ஆவாரு?" என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவார்.

தம்பி சிரிப்பான். அவனுக்கு என் வயதுதான். மெதுவான ஆள். அக்காள் மிச்சம் வைக்கும் டீயை எடுத்துக் குடிப்பது அவன் வழக்கம். "இவ மிச்சம் வச்சதக் குடிச்சே வளந்தவன்" என்று அம்மா சொல்வார். வேறொருவரின் படகை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவர் எப்படி வேலை செய்வார் என்பதை ஒரு துணிக்கடையில்தான் நான் முதலில் புரிந்துகொண்டேன். அறந்தாங்கியில் எனக்குச் சுடிதார் எடுக்கப் போயிருந்தோம். நான் என்ன வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கடைக்காரரிடம், "பச்ச வேணாம். சரிக வேணாம். சில்க்கு வேணாம். பெரிய பூப்போட்டது வேணாம். மிச்சத்த எடுத்துப் போடுங்க" என்றார். மேசையில் ஐந்தாறு துணிகள்தான் வந்து விழுந்தன. அதில் ஒன்றை எடுத்தேன்.

"எது வேணும்னு தேடுனா பூராக் கடையையும் பாக்கணும். எது வேணாம்னு மொதல்ல சொல்லிரு. குவெரியும் அப்பிடித்தான்."

குவெரி என்பது தரவுத்தளத்திடம் நாங்கள் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி இருந்தது. அது நிமிடத்துக்கு ஒரு தடவை, தான் இருக்கும் இடத்தை அனுப்பும். எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்தப் படகு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது? பதிலில் எந்தப் படகின் எண் வருகிறதோ அந்தப் படகின் பெட்டியில் மணி அடிக்கும். படகு எந்தத் திசையில் போகிறது என்று தெரிய, காலையிலிருந்து அது வந்த தடம் முழுவதையும் கணக்கில் எடுத்தோம். கோட்டை வரைந்து கொடுத்தவர்கள் அதில் புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்திருந்தார்கள். எல்லாப் படகின் எல்லாத் தடத்தையும் கோட்டின் எல்லாப் புள்ளியோடும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தரவுத்தளம் வாயைத் திறக்கும். அதனால்தான் மணி தாமதம். டிரைவர்கள் எங்களைக் கிண்டல் செய்தார்கள். "மணி கேட்டுச்சுன்னா வீட்டுக்கு வந்து சேந்துட்டோம்னு அர்த்தம்" என்று ஒருவர் சொன்னது முதலாளி காதுவரை போனது. அதுவரைக்கும் வயர்லெஸ் அண்ணன்தான் என் திரையைப் பார்த்துப் பார்த்து, "தம்பி, தள்ளிப் போறீங்க, இங்கிட்டுத் திருப்புங்க" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் துணிக்கடை வேலையைத்தான் செய்தார். இடங்களை வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் ஒன்றைப் போட்டார். அது ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் நேராக ஒரு கட்டம் கட்டிவைத்துக்கொள்ளும். படகின் கட்டமும் கோட்டின் கட்டமும் தொடவே இல்லையென்றால், அந்தப் படகை அளக்க வேண்டியதே இல்லை. அப்படியே ஒதுக்கிவிடும். கட்டங்கள் தொட்டால் மட்டும் துல்லியமாக அளக்கும். கேள்வியையும் அதற்கேற்றபடி மாற்றி எழுதினார். முன்பு 'எல்லாப் படகுக்கும் தூரம் என்ன' என்று கேட்டுவிட்டு, குறைவானதைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். இப்போது 'இந்தத் தூரத்துக்குள் இருப்பவை எவை' என்று மட்டும் கேட்டார்.

ஓட்டிக் காட்டினார். வட்டம் சுற்றவே இல்லை. பதில் வந்துவிட்டது. முதலாளி மாடிக்கு ஏறி வந்து பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அப்படியே வந்தது.

"நாளைக்கி ஒரு நாள் ஓடட்டும்க்கா. பாத்துட்டு, அப்பறம் அண்ணன்கிட்ட சொல்லலாமே" என்றேன்.

"நாளைக்கி என்ன, கடல் மாறிருமா?" என்றார். வயர்லெஸ் அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க இனிமே நிம்மதியா டீ குடிங்கண்ணே. இவுகளுக்காகக் கத்திக் கத்தித் தொண்ட போச்சு ஒங்களுக்கு" என்றார். அண்ணனுக்குச் சந்தோஷம்தான்.

கடல் மாறவில்லை. படகுகள் மாறின.

விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. வெள்ளிக்கிழமை எங்கள் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக்கிடந்தன. எல்லைக் கோடு கடலில் வடக்கு தெற்காக நேராகப் போவதில்லை, சாய்ந்து போகிறது. சாய்ந்த நீளமான கோட்டைச் சுற்றி நேராக ஒரு கட்டம் கட்டினால், அந்தக் கட்டம் விரிகுடா முழுவதையும் விழுங்கிவிடும். துறைமுகம் மட்டும்தான் கட்டத்துக்கு வெளியே. ஆகவே வெள்ளிக்கிழமை கேள்வி கேட்டபோது இன்டெக்ஸ் எல்லாப் படகுகளையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டது. சனிக்கிழமை காலை கடலுக்குப் போக டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பிய படகுகள் அத்தனையும் அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றன. ஒதுக்க ஒன்றும் இல்லை. மறுபடியும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் அளக்கத் தொடங்கியது. மதியத்துக்குமேல் தடங்கள் நீள நீள, ஒரு கேள்வி முடியும் முன்பே அடுத்தது வந்து வரிசையில் நின்றது.

அந்தத் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். எந்தக் கிழமை எந்தப் படகு கடலில் இருக்கும் என்பது மூச்சு விடுவதுபோலத் தெரியும். தெரிந்தும், படகில்லாத நாளில் சோதித்தார். இன்னொரு இரவு பொறுத்திருந்தால் அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

சாயங்காலம் அவர் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "கையை எடுங்கக்கா" என்றேன். எடுத்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி முடிந்து ஒரே ஒரு வரி வந்தது. ஒரு படகின் எண்.

"இது நம்ம தம்பி ஓட்டுறதுடீ" என்றார்.

நான் வரைபடத்தில் அந்த எண்ணைத் தட்டினேன். புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. டீக்கடையிலிருந்து வயர்லெஸ் அண்ணன் ஓடி வந்து கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்துப் படகிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "அண்ணே, அவங்களப் பிடிச்சுட்டாங்கண்ணே. நாங்க திரும்பிட்டோம்."

மறுநாள் ஞாயிறு, நான் விடுதியிலிருந்து கிளம்பிப் போனேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அலுவலகத்தில் இருந்தார். மேசையில் ஐஸ் கம்பெனியின் காலி மீன் பெட்டி ஒன்று. அதில் ஒரு நீளமான வாளை மீன் சாய்வாகக் கிடந்தது.

"பாரு. முழு வாளையச் சாய்ச்சுப் போட்டா, ஒரு மீனுக்கே பொட்டி ரொம்பிரும். நறுக்கிப் போட்டா?" கத்தியை எடுத்து நாலைந்து துண்டாக்கி, மீன் கிடந்த சாய்விலேயே துண்டுகளைச் சற்று இடம்விட்டு வைத்தார். "இப்ப ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்னக் கட்டம் போதும். சுத்தி எவ்ளோ எடம் காலியாக் கெடக்கு பாத்தியா? அந்தக் காலியில நிக்கிற படகையெல்லாம் அளக்கவே வேணாம்."

"தம்பி பத்தி எதாவது தெரிஞ்சுச்சாக்கா?"

"கோட்ட நறுக்கிட்டேன். நாளைக்கிக் காலையில படகு போகுதுல்ல, அப்பத்தான் சரியான்னு சொல்லுவேன். அண்ணனையும் வயர்லெஸ்ஸ விட்டு எந்திரிக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

மீன் நாற்றம் இரண்டு நாள் அறையைவிட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை எல்லாப் படகும் கடலில் இருக்கும்போது கேள்வி உடனுக்குடன் பதில் சொன்னது. அன்று மூன்று படகுகளுக்குச் சரியான நேரத்தில் மணி அடித்தது. அதில் ஒரு டிரைவர் கரைக்கு வந்ததும் ஒரு பை நண்டோடு மாடிக்கு வந்தார். அக்கா நண்டை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அந்தப் பக்கத்து நீதிமன்றத்தில் வாய்தா போட்டார்கள். அந்தத் தேதி வந்தது. காவலை நீட்டித்தார்கள். அடுத்த வாய்தா. மறுபடி நீட்டிப்பு. மீனவர் சங்கத்து ஆட்களிடமிருந்து போன் வரும். அவர் எடுத்து, "ம். எப்ப? சரி" என்று மூன்று சொல்லில் முடிப்பார். வாய்தா தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை கேள்வி இன்னும் வேகமாகியிருக்கும். பழைய தடங்களைப் பிரித்து வேறு அட்டவணைக்கு மாற்றினார். பக்கத்துப் பக்கத்து இடங்களின் விவரங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் பக்கத்திலேயே இருக்கும்படி அடுக்கினார். கோட்டை இன்னும் பொடியாக நறுக்கினார். அதிகம் பொடியானால் மறுபடி மெதுவாகிறது என்று கண்டு, கொஞ்சம் பெரிதாக்கினார். விநாடியில் முடிந்தது பத்தில் ஒரு பங்கானது. பிறகு அதிலும் பத்தில் ஒரு பங்கு.

"பெட்டி நிமிசத்துக்கு ஒரு தடவதானக்கா எடத்த அனுப்புது. நம்ம இதுக்கு மேல வேகமாக்கி என்ன ஆகப்போகுது?" என்றேன்.

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு?"

"ஒனக்கு வேற வேல இல்லையா? போயி லிஸ்டு போடு."

அவர் சொன்னது கோபத்தில் இல்லை. கைக்கு எட்டிய ஒன்றையாவது அவசரப்படுத்த வேண்டியிருந்தது. நீதிமன்றத்தை அவசரப்படுத்த முடியவில்லை. ஆடுகளைப்போலத் தள்ளிவிட அங்கே ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போனால், அம்மா டீ கொடுப்பார். அவர் பாதி குடித்துவிட்டு வைப்பார். அந்தக் கிளாஸ் அப்படியே இருக்கும். ஆடை படிந்து, எறும்பு வந்து, மறுநாள் காலையில்தான் அம்மா கழுவுவாராம்.

ஒருநாள் விடுவித்துவிட்டார்கள் என்று போன் வந்தது. ஆட்களை மட்டும். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேனில் ஊர். வேன் வரும் அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். தெருவே கூடியிருந்தது. அவர் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பத்துத் தடவையாவது போன் செய்திருப்பார். கடைசியில் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார்.

"எங்கடீ போற? வந்துக்கிட்டு இருக்கான்ல?" என்றார் அம்மா.

"புதுக்கோட்டை தாண்டியாச்சாம். அறந்தாங்கி ரோட்லதான் வரணும். எதுக்கப் போயி நிக்கிறேன்."

"நில்லுடீ."

போய்விட்டார். வேன்காரர் இன்னொரு மீனவரை மீமிசலில் இறக்கிவிட வேண்டியிருந்ததால், அறந்தாங்கிக்கே போகாமல் வேறு ரோட்டைப் பிடித்துத் தெற்கிலிருந்து வந்தார். தம்பி இறங்கினான். தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருந்தான். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சோறு போட்டார்.

அவன் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது ஸ்கூட்டி வந்து நின்றது. அத்தனை மாதமாக ஒரு நிமிடம் பொறுக்காதவர், அவனைக் கடைசியாகப் பார்த்தவரானார். தெருவில் இருந்த சின்னப் பிள்ளைகள்கூட அவருக்கு முன் பார்த்துவிட்டார்கள்.

"நா இங்கனயேதான் ஒக்காந்திருந்தேன். வந்துட்டான்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, மகள் முகத்தைப் பார்த்ததும் டீ போட உள்ளே போனார்.

அவர் தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். எப்படிடா இருக்க என்று கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எப்படா மணி அடிச்சுச்சு?"

"அவங்க பக்கத்துல வந்து கயித்தப் போட்டப்பறம். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவங்கள்ல ஒருத்தன்தான் பொட்டிய ஆராய்ஞ்சு நிறுத்துனான்."

"முன்னாடியே, கோட்டுக்கு இந்தப் பக்கமே அடிச்சிருந்தா திரும்பியிருப்பேல்ல?"

"மாட்டேன்."

"பொய் சொல்லாத."

"வல தண்ணிக்குள்ள கெடந்துச்சுக்கா. எறாப் பட்டுக்கிட்டிருந்த நேரம். மணி அடிச்சுச்சுன்னா துண்டப் போட்டு மூடியிருப்பேன். எல்லாரும் அதான் செய்வோம். வலைய இழுத்து மேல போட்டுத் திரும்பவே அர மணி ஆகும். அதுக்குள்ள எப்பிடியும் வந்திருப்பாங்க."

"வலைய அறுத்து விட்டுட்டு வரவேண்டியதுதானே?"

"ஒனக்கென்ன, மாடியில ஒக்காந்துக்கிட்டுச் சொல்லுவ. வல யாரு வீட்டுக் காசு?"

"சாப்புடுற புள்ளைகிட்ட என்னடீ கேள்வி?" என்று அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

மாட்டேன் என்று சொன்னபோது தம்பி அக்காளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் சொன்னது உள்ளதுதானா, அல்லது அக்காளின் தலையிலிருந்து ஒன்றை இறக்கிவைப்பதற்காகச் சொன்னானா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வலை இழுக்க நேரமாகும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மணி முன்பே அடித்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்பதுதான் தெரியாது. எந்தத் தரவுத்தளத்திலும் அது இல்லை.

அவர் நம்பினாரா என்றும் தெரியவில்லை. டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"அர மணியா?"

"காத்து எதுத்தா இன்னும் கூட ஆகும்."

"அப்ப அர மணி நேரத்துக்கு முன்னாடியே இன்னொரு மணி அடிச்சா? கோட்டுக்கு எவ்ளோ தூரத்துல இருக்கும்போது?"

அவன் வாயில் சோற்றோடு யோசித்தான். சொன்னான். அவர் இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"போயி மாத்திட்டு வாரேன்."

"அடியே, புள்ள இப்பத்தான்..." என்று அம்மா சொல்வதற்குள் ஸ்கூட்டி கிளம்பிவிட்டது. தெருவே சிரித்தது. தம்பியும் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அக்காள் மிச்சம் வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தான்.

அன்று அவர் மாற்றியது இதுதான். இரண்டு மணிகள். முதல் மணி கோட்டுக்கு வெகு தொலைவிலேயே, வலையை நிதானமாக இழுக்கும் அளவுக்கு நேரம் இருக்கும்போது அடிக்கும். இரண்டாவது மணி பழைய இடத்தில். முதல் மணிக்காகக் கேள்வி பார்க்க வேண்டிய பரப்பு பல மடங்கு பெரிதானது. அதற்குள் வரும் படகுகளும் பல மடங்கு. எதற்கு என்று நான் கேட்ட அந்த வேகம் இல்லாவிட்டால், அந்தப் பரப்பை ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடித்திருக்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன். "அதுக்குன்னு நெனச்சு நா செய்யலடீ" என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

அதன்பிறகு கொஞ்ச நாளில் வளைகுடா நாடு ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதாகச் சொன்னார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "சரி சரி, தெரியும், அழாத" என்று முடித்துவைத்தார். அழுவதாக நான் நினைத்திருக்கவில்லை. இப்போதும் எப்போதாவது போன் செய்கிறார். நான் விடைபெறுவதற்குள் இணைப்புத் துண்டிக்கப்பட்டிருக்கும்.

இப்போது நிலைமை இது. தம்பி பிடிபட்ட படகு இன்னும் அந்தப் பக்கக் கரையில்தான் நிற்கிறது. அவன் வேறொரு படகை ஓட்டுகிறான். முதல் மணிக்கு வலையைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், துண்டைப் போட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவன் எதைச் செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. அவனுடைய தடம் திரும்புவதை மட்டும் திரையில் பார்த்துக்கொள்கிறேன். வயர்லெஸ் அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கேள்வியில் எதையாவது மாற்றினால், படகுகள் கடலில் இருக்கும் நாளில்தான் சோதிக்கிறேன். மற்றபடி அவர் விட்டுப்போனபடியே அது ஓடுகிறது.

இன்று ஞாயிறு. நேற்றுப் போன படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன.